2038: பூச்சாண்டியா, மெய்யான அபாயமா?

2038 ஜனவரி 19ந் தேதி கம்ப்யூட்டர்களின் தேதிக் கணக்கு புரண்டுவிடும் என்று ஒரு சாரார் எச்சரிக்கின்றனர். இது சரக்கு விற்பதற்காகக் காட்டும் பூச்சாண்டி என்று மறு சாரார் கேலி செய்கின்றனர். உண்மை என்ன?

விஷயம் எளியது. யூனிக்ஸ் முறையைப் பின்பற்றும் யந்திரங்கள், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணியே தேதியை அறிகின்றன. பழைய அமைப்புகளில் இந்த எண்ணுக்கு 32 பிட் இடமே ஒதுக்கப்பட்டது. சுமார் 214 கோடியே 75 லட்சம் விநாடிகளுக்கு மேல் அதில் அடங்காது. இந்திய நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடத்துக்கு அந்த இடம் நிரம்பிவிடும். திருத்தப்படாத யந்திரம் மறு விநாடியே 1901 டிசம்பருக்குப் போய்விடும். இது கணக்கு, இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. அபாயம் எவ்வளவு என்பதே கேள்வி.

கேலி செய்வோர் 2000ம் ஆண்டைச் சுட்டிக்காட்டுகின்றனர். உலகமே கோடி கோடியாகச் செலவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை, குறைவாகச் செலவிட்ட இத்தாலியும் ரஷ்யாவும் கூடத் தப்பின என்கின்றனர். இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பீதியைக் காட்டி லாபம் பார்த்தவர்கள் அன்று இருந்தார்கள், நாளையும் இருப்பார்கள்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மையல்ல. பிரிட்டனில் ஷெஃபீல்டு நகரில், தேதிக் கோளாறினால் 150க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான பரிசோதனை முடிவுகள் தரப்பட்டன. மற்ற இடங்களில் விபத்து நேராததற்கு, இந்திய நிரலாளர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக உழைத்தது முக்கிய காரணம். மழைக்கு முன் கரையைப் பலப்படுத்தியதால் ஏரி உடையவில்லை. உடையாத ஏரியைக் காட்டி, கரை எதற்கு என்று கேட்பது அறிவுடைமையாகுமா?

2038 வரை இந்த வியாதி காத்திருக்கவும் இல்லை. நூறு கோடி விநாடிக்குப் பிந்திய நேரத்தைக் கணக்கிட்ட ஒரு சர்வர் மென்பொருள், 2006 மே மாதத்திலேயே செயலிழந்தது. இன்று 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்குபவரின் கடைசித் தவணை 2038ஐத் தாண்டியே விழுகிறது.

புதிய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. லினக்ஸ் கரு 32 பிட் யந்திரங்களுக்கும் 2020ல் வழி செய்துவிட்டது. ஆகவே உலகம் நின்றுவிடும் என்ற பீதி வேண்டாம். ஆனால் ஆலைகளிலும் குடிநீர் நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓடும் சிறு கட்டுப்பாட்டு யந்திரங்களை யார் சோதிப்பது? கோளாறு நேர்ந்தால் நஷ்டப்படுவது, அவற்றை விற்றவர்கள் அல்ல; அவற்றை நம்பியுள்ள சாதாரண மக்களே.

எனவே நாம் வற்புறுத்துவது இதுதான். பொது நிறுவனங்கள் தம் யந்திரங்களைப் பட்டியலிட்டு, தேதியை முன்னே நகர்த்திச் சோதித்து, முடிவை மக்கள் முன் வைக்க வேண்டும். இனி வாங்கும் ஒவ்வொரு சாதனமும் 2038க்குப் பின்னும் இயங்கும் என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். கடைசி நேரத்தில் ஆட்களைக் கசக்கிப் பிழியாமல், இப்போதே நிரந்தர ஊழியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும்.

பீதியும் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம். அவகாசம் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்!