எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

நாங்கள் டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்குக் குடிவந்தோம். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாரும் கேட்டார்கள்: "எந்த ஹைஸ்கூல்?"

எடிசனில் எடிசன் ஹைஸ்கூல், ஜே. பி. ஸ்டீவன்ஸ் ஹைஸ்கூல் என்று இரண்டு பெரிய பொதுப் பள்ளிகள் உண்டு. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அந்தப் பள்ளியில் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. அதே ஊரில் மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமியும் இருக்கிறது. அங்கே அறிவியல், கணிதம், பொறியியல் முக்கியம். கவுண்டி முழுவதிலிருந்தும் மாணவர்கள் விண்ணப்பிப்பார்கள். சிலருக்குத்தான் இடம் கிடைக்கும்.

"தேர்ந்தெடுத்துச் சேர்க்கிற பள்ளிதான் நல்ல பள்ளி" என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டு மகிழும் பிள்ளைக்கு அகாடமி நல்ல இடம்தான். ஆனால் அங்கே நண்பர்கள் பல ஊர்களில் இருப்பார்கள். பக்கத்துப் பள்ளியில் படித்தால் நண்பன் வீட்டுக்கு நடந்தே போகலாம். புது ஊருக்கு வந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம்!

ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, எல்லாரையும் கேட்டீங்க. என்னை ஏன் கேக்கல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சரி, உனக்கு என்னம்மா வேணும்?" என்றேன்.

"தெருவுல ரெண்டு ஃபிரெண்ட்ஸ் கிடைச்சிருக்காங்க. அவங்களோட போறேன்."

அப்படியே சேர்த்தோம்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம். அப்போது சும்மா இருக்காதீர்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். படிக்கப் போவது நீங்கள்தானே?