தத்துவம் பேச ஒரு கூட்டம்: உத்திரமேரூர் குடத்திலேயே வழி இருக்கிறது

கேள்வி: அடுத்த வருஷம் பணி ஓய்வு பெறுகிறேன். எங்கள் ஊரில் நாலு பேரைச் சேர்த்து நியாயம், கடவுள், சாவு என்று தத்துவ விஷயங்களைப் பேச ஆசை. ‘வேலையில்லாதவன் பேச்சு’ என்று சிரிப்பார்களோ, கட்சிச் சண்டையில் முடியுமோ என்று தயக்கம். எப்படித் தொடங்குவது?
- வாசகர், உத்திரமேரூர் ஒன்றியம்

பதில்: இந்தப் பகுதிக்கு நெல்லையும் நிலக்கடலையையும் பற்றித்தான் கேள்விகள் வரும். ஆனாலும் உங்கள் கேள்வி விவசாயிக்குச் சம்பந்தமில்லாதது என்று நான் நினைக்கவில்லை. போர் போட்டு எடுக்கிற தண்ணீர் என்னுடையதா, ஊருடையதா? ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம் கடைமடைக்காரருக்கு என்ன நியாயம்? பிள்ளைகள் விவசாயத்துக்கு வரமாட்டார்கள் என்றால் நிலத்தை மனைக்கு விற்பது தப்பா? டீக்கடையில் தினமும் அடிபடுகிற இந்தப் பேச்செல்லாம் தத்துவம்தான். டீக்கடையில் குரல் பெரிதாக இருப்பவர் ஜெயித்துவிடுவார். உங்கள் கூட்டத்தில் காரணம் ஜெயிக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இப்படித்தான் தொடங்கினார்கள். 1992-ல் பாரிஸ் நகரத்துக் காபிக் கடை ஒன்றில் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தார். என்ன பேசுவது என்பதை வந்தவர்களே அங்கே முடிவு செய்தார்கள். 1998-ல் அவர் இறந்தார். கூட்டம் நிற்கவில்லை.

ஒருவரை நம்பி நடக்கிற கூட்டம் அவரோடு போய்விடும். அலுவலகத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் நாமே பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

இதற்கு மருந்து உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆள் எடுத்தார்கள். பொறுப்பு 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த 3 வருஷம் வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை.

அந்தச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்; வடிகட்டலை விட்டுவிடுங்கள். அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் வீடும் படிப்பும் கேட்டார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஏரித் தண்ணீரின் நியாயத்தைப் பேசும்போது நாற்று நடுகிறவர் அங்கே இல்லையென்றால், பாதி நியாயம்தான் பேச முடியும்.

செய்ய வேண்டியவை இவைதான்:

இடம்: கோயில் மண்டபமும் பெரிய வீட்டுத் திண்ணையும் வேண்டாம். காலனியிலிருந்து வருகிறவரும் தயங்காமல் நாற்காலியில் உட்காரக்கூடிய பொது இடம் வேண்டும். கிளை நூலகம் பொருத்தமானது. அங்கே வாசகர் வட்டம் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

நேரம்: மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் போதும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டு நேரம் வையுங்கள். நடவு, அறுவடை நாட்களில் தள்ளிவையுங்கள்.

தலைமை: ஒவ்வொரு கூட்டத்திலும் சீட்டுக் குலுக்கி, அடுத்த மாதம் நடத்துபவரை எடுங்கள். நடத்தியவர் பெயர் மூன்று மாதம் சீட்டில் வேண்டாம்.

கேள்வி: ஒரு கூட்டத்துக்கு ஒன்றே போதும். கடவுளையும் சாவையும் பிறகு பேசலாம். முதலில் தண்ணீர், நிலம், பாகப்பிரிவினை என்று எல்லோருக்கும் பட்ட விஷயமாக எடுங்கள்.

விதி: பதில் சொல்வதற்கு முன், முன்னால் பேசியவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அவர் ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்ற பிறகே மறுக்கலாம். கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் வேண்டாம். பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். ஓய்வு பெறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற மாதமே முதல் சீட்டை எழுதுங்கள். உங்கள் பெயரை மட்டும் முதல் மூன்று மாதம் அதில் போடாதீர்கள்.