நாற்பத்துமூன்று அங்குலம்

பொருளாதார நெருக்கடியின் வெம்மை சற்றே தணிந்த பின்னர், நமது குடாநாட்டு இல்லங்களில் ஒத்திவைக்கப்பட்டிருந்த கொள்வனவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறி வருகின்றன. கூரையோடு மாற்றுவது, கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்குவது முதலியவற்றுக்கு அடுத்தபடியாக வரிசையில் நிற்பது தொலைக்காட்சிப் பெட்டி. ஆசிரியத் தொழிலில் உள்ள அன்பர்கள் பலர், “எதனை வாங்கலாம்?” என்று என்னிடம் கேட்கின்றனர். கேட்பவருடைய கைப்பணம் சிறிது. கடைக்காரர் காட்டும் பெட்டியோ பெரிது. இந்த இழுபறியை வெறும் வீட்டு விவகாரம் என்று தள்ளிவிட முடியவில்லை. நாட்டின் நாணயம், வரி, மின்சாரம், புலம்பெயர்ந்த உறவு, சென்னையின் கலைச்சந்தை ஆகிய யாவும் அந்தக் கண்ணாடிச் சட்டத்துள் வந்து கூடுகின்றன.

யாழ்ப்பாணத்தார் தொலைக்காட்சியைக் கண்டறிந்தது கொழும்பின் வழியாக மட்டும் அன்று. சென்னைத் தூரதர்சன் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. இலங்கையிலே சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரிலில் வந்தது. ரூபவாஹினி, யப்பானின் உதவியோடு, 1982 பெப்ரவரியில் வந்தது. கடலைத் தாண்டி வரும் மெல்லிய அலையைப் பிடிப்பதற்காக அந்நாளில் நம் கிராமங்களில் பனையோடு போட்டியிடும் குழாய்க்கம்பங்கள் எழுந்தன. ஒருவர் கூரையருகே நின்று கம்பத்தைத் திருப்புவார், உள்ளே இருப்பவர், “இப்ப தெரியுது, அப்படியே விடு!” என்று கூவுவார். மறுநாள் காற்று மாறினால் படமும் மாறிவிடும். பின்னர் கொடைக்கானல் மலையிலிருந்தும், இராமேசுவரத்தில் எழுந்த 323 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்தும் அலைகள் வந்தன. இதில் நான் கவனிக்கும் செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் பெட்டி வாங்கியவர் எவரும் அங்குலத்தை முதலில் கேட்டதில்லை. “எந்த நிலையம் எடுக்கும்?” என்பதே முதற்கேள்வி.

1990இல் மின்சாரம் அற்றுப்போன பின்னரும் அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் நின்றது. துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. ஜெனரேற்றரையும் ரி.வி.யையும் ‘டெக்’கையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் கூடி, விடியும்வரை மூன்று நான்கு படங்களைப் பார்த்து முடிப்பார்கள். மண்ணெண்ணெய் எவ்வளவு, படம் எத்தனை என்று கணக்குப் பார்த்தார்களேயன்றித் திரையின் குறுக்களவை யாரும் அளக்கவில்லை.

இன்று கேள்வியைக் கடைக்காரர் மாற்றிவிட்டார். முதலில் அங்குலம், பிறகு புள்ளிகளின் தொகை, பிறகு தவணை. என்ன பார்க்கப் போகிறோம், அது எவ்வழியாக வீட்டுக்குள் வரப்போகிறது என்ற விசாரணை கடைசியிலேகூட வருவதில்லை. நடுத்தரப் பெட்டியொன்றை அளவான பணத்தில் வாங்க விரும்புபவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

விலை ஏன் இவ்வாறு ஏறிநிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. பின்னர் ஓரளவு இறங்கியபோதும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி 2022 யூனில் 12 ஆகவும், செப்ரெம்பரில் 15 ஆகவும், 2024 சனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. திரைக்கண்ணாடி டொலரில் விலைபேசப்படும் பொருள். எனவே நெருக்கடிக்கு முன்னர் பெரிய பெட்டிக்குப் போதுமாயிருந்த தொகை, இப்போது நடுத்தரப் பெட்டியின் வாசலிலே நின்றுவிடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுத்தரப் பெட்டியே நம் வீடுகள் பலவற்றுக்கு ஏற்றதுமாகும்.

இதனைக் கண்ணின் இயல்பைக் கொண்டே விளக்கலாம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைச் சாதாரணக் கண் வேறுபிரித்தறியாது. 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர். ‘ஃபுல் எச்.டி.’ எனப்படும் பெட்டியில் அந்த அகலத்தில் 1,920 புள்ளிகள் உள்ளன; ஒரு புள்ளி அரை மில்லிமீற்றர். கணக்கிட்டால், 1.7 மீற்றருக்கு அப்பால் அமர்ந்தவருக்கு அப்புள்ளிகள் தனித்தனியே தெரியா. இரட்டிப்புப் புள்ளிகள் கொண்ட ‘ஃபோர் கே’ பெட்டியின் மேன்மையை முழுதும் காண வேண்டுமாயின் 85 சென்ரிமீற்றர் தூரத்தில், பாடப்புத்தகம் படிப்பவர்போல, நெருங்கி அமர வேண்டும். நம் வீட்டு நடுவறையில் கதிரைக்கும் எதிர்ச்சுவருக்கும் எட்டடி இருக்கும்; அதாவது 2.4 மீற்றர். அங்கிருந்து பார்ப்பவருக்கு இரு பெட்டிகளும் ஒன்றே. (இந்த ‘ஃபோர் கே’ என்ற பெயரிலும் ஒரு சாதுரியம் உண்டு. முன்பு 1,080 என்று மேலிருந்து கீழாகக் கோடுகளை எண்ணிய வணிகர்கள், திடீரென்று இடமிருந்து வலமாக எண்ணத் தொடங்கினார்கள். கோடுகளின் தொகை 2,160தான்.) விலை ஒன்றாயிருந்தால் வாங்குவதில் குற்றமில்லை. மேலதிகமாகப் பணம் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

சிறிய அறையில் ஆறடி தூரத்தில் அமர்பவருக்கு 32 அங்குலமே போதும். அப்பெட்டிகளில் பெரும்பாலானவை 1,366 புள்ளி அகலமுடையவை. அத்தூரத்தில் அதன் குறை கண்ணுக்கு எட்டாது. இன்னொரு விடயத்தையும் மறந்துவிடலாகாது. நமக்கு வந்துசேரும் அலைவரிசைகள் பல இன்னும் பழைய 576 கோட்டுப் படத்தையே தருகின்றன. அப்படத்தை 55 அங்குலத்தில் விரித்தால், நீர் பட்ட ஓவியம்போல் முகங்கள் கரைந்து தோன்றும். திரையைப் பெருக்குவதனால் படம் பெருகுவதில்லை.

புள்ளிக் கணக்கைக் காட்டிலும் முக்கியமானது திரையின் சாதி. ‘ஐ.பி.எஸ்.’ வகைத் திரை பக்கவாட்டில் இருந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாமல் காட்டும். இருள் மட்டும் சற்று வெளிறும். ‘வி.ஏ.’ வகை ஆழ்ந்த கருமையைத் தரும். ஓரத்தில் இருப்பவருக்கு மங்கும். பெற்றோர் கதிரையிலும், பிள்ளைகள் பாயிலும், அயல்வீட்டு அம்மா விறாந்தைக் கதவடியிலும் இருந்து பார்க்கும் வீட்டுக்கு முதல்வகையே உகந்தது. கடையில் இதனை அறிய எவரையும் கேட்கவேண்டியதில்லை. பெட்டியின் ஓரத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து ஒரு மனித முகத்தின் நிறத்தைப் பார்த்தால் போதும். கடைகளில் ஓடவிடும் பூக்களும் நீர்வீழ்ச்சிகளும் எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். செய்தி வாசிப்பவரைக் காட்டச் சொல்லுங்கள். ஒலியையும் கேளுங்கள். தகடுபோல மெலிந்த பெட்டிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கி இருப்பதால், மழை ஓட்டில் விழும் இரவுகளில் வசனம் விளங்காது.

பெட்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகின்றனர். 70 வாற்றுப் பெட்டி நாளுக்கு 5 மணிநேரம் ஓடினால் மாதத்தில் பத்தரை அலகு மின்சாரம் செல்லும். மின்சாரக் கட்டணம் சராசரியாக 2022 ஆகஸ்டில் நூற்றுக்கு 75உம், 2023 பெப்ரவரியில் 66உம் ஏற்றப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் குறைப்புகளும் வந்தன. மாதம் 60 அலகு என்ற எல்லையைத் தாண்டும் வீடு முதல் அலகிலிருந்தே வேறொரு விகிதத்துக்குள் போய்விடுகிறது. 55 அலகோடு சிக்கனமாய் வாழ்ந்த குடும்பத்தை அந்தப் பத்தரை அலகே எல்லை கடத்திவிடும். இணையத்தின் வழியே பார்ப்பவருக்கு வேறொரு வாய்க்கால். ‘எச்.டி.’ படம் மணிக்கு 3 கிகாபைட் வரை உறிஞ்சும். ‘ஃபோர் கே’ 7 வரை. நாளுக்கு இரண்டு மணிநேரம் பார்த்தால் மாதத்துக்கு 180ஆ, 420ஆ என்பதுதான் வேறுபாடு. இணைப்புச் செலவையும், செய்மதிச் சந்தாவையும் ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பார்ப்பவர், பெட்டியே மலிவான பகுதி என்று கண்டுகொள்வார். நேத்ரா, சக்தி, வசந்தம் ஆகியவற்றை மட்டும் விரும்புபவருக்கு ஒரு நல்ல அன்ரெனா போதும் என்பதைக் கடையில் எவரும் சொல்வதில்லை.

தவணை முறையைப் பற்றிச் சற்று நிதானித்தே எழுதவேண்டும். ஒரு கணக்குக்காக ஓர் இலட்சம் ரூபாப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். “ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுதான் வட்டி” என்கிறார் விற்பனையாளர். இரண்டாண்டுக்கு 40,000, ஆக 1,40,000 ரூபாவை 24 ஆல் வகுத்து மாதம் 5,833 ரூபா. கேட்க இலேசாக இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் முதலில் ஒரு பகுதி திரும்பிக்கொண்டிருக்க, வட்டியோ முழு இலட்சத்துக்கும் கடைசிவரை அறவிடப்படுகிறது. உண்மை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 35ஐ ஒட்டி வரும். கணித ஆசிரியர்கள் இதனை உயர்தர வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். மாணவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் ஒரே கணக்காக அது அமையும். ஊரிலே நம்பிக்கையானவர்களோடு சீட்டுப் பிடிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்லவே. பத்துமாதச் சீட்டில் சேர்த்து, பண்டிகைக் காலத் தள்ளுபடியில் ரொக்கமாகக் கொடுத்து வாங்குபவர், கடன் வாங்கியவரின் 43 அங்குல விலைக்கு மேலும் ஒரு புத்தக அலுமாரியை வாங்கிவிடுவார்.

வெளிநாட்டு உறவினரின் அன்பும் ஒரு சந்தைச் சக்தியாகும். “சின்னதை ஏன் வாங்குகிறீர்கள்? பெரிதை எடுங்கள், காசு அனுப்புகிறேன்” என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி சொன்னால், மறுப்பதற்கு மனம் வருவதில்லை. காசு அனுப்புவது நல்லது. பெட்டியையே அனுப்புவது அத்தனை நல்லதன்று. கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. ஒளிபரப்பு முறையும் வேறு. இந்தியாவும் சிங்கப்பூரும் டி.வி.பி.-ரி2 என்ற எண்ணிம முறையைக் கைக்கொள்ள, இலங்கை 2014இல் ஐ.எஸ்.டி.பி.-ரி என்ற யப்பானிய முறையைத் தெரிவுசெய்தது. கைப்பொதியாக வந்த பெட்டிக்கு இங்கே உத்தரவாதமும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று மின்சுற்றுப் பலகையை அரிக்கும் என்பதால், பழுதுபார்ப்பவர் அருகில் இருப்பது வெறும் வசதியன்று, அவசியம்.

பெரிய திரையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அது இருக்கவேண்டிய இடம் சனசமூக நிலையம். ஊரார் பங்கிட்டு வாங்கிய ஒரு பெரிய திரையில் கிரிக்கெட் பார்ப்பதற்கும், ஈழத்துக் குறும்படமொன்றைத் திரையிட்டு விவாதிப்பதற்கும் உள்ள வாய்ப்பு வீட்டுச் சுவரில் இல்லை. வீட்டுச் சுவரில் ஓடுபவை பெரும்பாலும் சென்னைத் தொடர்நாடகங்கள். அவற்றைப் பழிப்பது இலக்கிய வட்டங்களில் எளிய பொழுதுபோக்கு. நான் அதில் முழுமனதோடு சேர்வதில்லை. பகல் முழுதும் உழைத்த ஒரு தாய் அரைமணிநேரம் அழுது சிரிப்பதற்கு நம்மிடம் மாற்று என்ன இருக்கிறது? நம் நாடகக்காரருக்கு ஒளிபரப்பு நேரமும் பணமும் தேடிக்கொடுக்காமல், பார்ப்பவரைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

வாங்கியபின் செய்யவேண்டியவை சில. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. மின்செருகியையும் அன்ரெனாக் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்தக் கம்பி வழியேயும் உள்ளே வரக்கூடும். மாரியில் சுவர் ஊறும் பழைய வீடுகளில் பெட்டியைச் சுவரில் அறையாமல் மேசையில் வைப்பதே உத்தமம். பற்றுச்சீட்டும் உத்தரவாதச் சீட்டும் வெயிலில் எழுத்தழியும் தாளில் அச்சாகின்றன. அன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வைக்கவும்.