50 கேபிக்குள் ஒரு முகம்

அரசுத் தேர்வோ, வங்கி வேலையோ, கல்லூரிச் சேர்க்கையோ, விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் வழிமறிப்பது ஒரு வரிதான்: புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. செல்போன் எடுத்துத் தரும் படமோ 3 எம்பி, 4 எம்பி. படத்தைச் சுருக்க வழி தேடினால் இலவசத் தளங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முகம், கையெழுத்து, மதிப்பெண் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கணினியில் ஏற்றிவிடுகிறோம். சிறிது நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அழிக்கவும் செய்யலாம், நாம் போய்ப் பார்க்கவா முடியும்?

இந்த வேலைக்கு ஜிம்ப் போதும். 1996-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். முதல் தடவை திறப்பவருக்கு மிரட்சியாகத்தான் இருக்கும். புகைப்படத்துக்குத் தேவை அதில் மூன்றே இடங்கள். கிராப் கருவியில் விகிதத்தை 7:9 என்று பூட்டி முகத்தை வெட்டுங்கள். பாஸ்போர்ட் அளவான 3.5 × 4.5 செ.மீ.யின் விகிதம் அது. அடுத்து 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலம் 413 பிக்சல் என்று கொடுத்தால் உயரம் தானே 531 ஆகும். பிறகு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில் 'ஷோ பிரிவியூ' என்பதை டிக் செய்யுங்கள். தரத்தைக் கூட்டக் குறைக்க, கோப்பு எத்தனை கேபி வரும் என்பது அங்கேயே தெரியும். சேமித்துச் சேமித்துப் பார்க்கும் தொல்லை இல்லை.

கையெழுத்தில்தான் தொல்லை அதிகம். வெள்ளைத் தாளில் போட்டுப் படம் எடுத்தால் தாள் சாம்பலாகி, கையின் நிழலும் சேர்ந்து விழும். 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் இழுங்கள். நிழல் வெளுத்துக் கையெழுத்து மட்டும் நிற்கும். வெறும் வெள்ளைக்கு ஜேபெக்கில் இடம் அதிகம் வேண்டாம். ஆகவே கேபியும் இறங்கும். சில சமயம் 10-க்குக் கீழேயே போய்விடும், அப்போது தரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்த சான்றிதழ் பிடிஎஃப்பைச் சுருக்க வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் மென்பொருளின் டிராவில் திறந்து, பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது படத் தெளிவை 150 டிபிஐ ஆக்கினால் பெரும்பாலும் போதும். தட்டச்சு செய்த தமிழ் பிடிஎஃப்பை மட்டும் அதில் திறக்காதீர்கள், எழுத்து உடைந்துவிடலாம்.

கடவுச்சொல் போட்ட இ-ஆதாரை விண்ணப்பத் தளம் ஏற்க மறுத்தால் ஃபயர்பாக்ஸில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பிரிண்ட் போய் 'சேவ் டு பிடிஎஃப்' கொடுத்தால் பூட்டில்லாத நகல் வரும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். கேட்பவர்கள் ஒப்புக்கொண்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரே நல்லது.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு பிரவுசிங் சென்டர்தான் கதி. அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேரின் சான்றிதழ் கிடக்கும். அழித்தாலும் போட்டோரெக் போன்ற திறமூல மென்பொருளால் பல நேரம் மீட்டுவிடலாம். ஆகவே ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் இரண்டின் போர்ட்டபிள் பதிப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் அனுமதித்தால், கோப்பையும் அதிலிருந்தே திறந்து அதிலேயே சேமிக்கலாம்.