சபாநாயகர் ஆசனமும் அமைச்சர் சபையும்

தமிழர் ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமரும்போது எமது சமூகம் பூரிப்படைவது இயல்பு. 2024 யூலையில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளாக இலண்டனில் பிறந்த உமா குமரன், ஸ்ரற்போர்ட் அன்ட் போ தொகுதியிலிருந்து பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அப்டன் பார்க்கிற்கு மிக அருகில் உள்ள தொகுதி அது. கிறீன் வீதிக் கடைகளிலும் ஈஸ்ற்ஹாம் கோவில் வாசல்களிலும் எம்மவர் அச்செய்தியைப் பெருமையுடன் பரிமாறிக்கொண்டனர். அப்பெருமையைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் ஆசனம் வேறு, அதிகாரம் வேறு என்பதை எமது வரலாறு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எமக்கு உணர்த்தியுள்ளது. சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்களின் வாழ்வை இன்று மீள நினைவுகூர்வது அதன் பொருட்டே.

1874ஆம் ஆண்டு பிறந்த துரைசுவாமி தீவகத்தின் வேலணையைச் சேர்ந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சட்டம் பயின்று, யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்தாகத் தொழில் புரிந்தார். 1921இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவாகிப் பொதுவாழ்வில் முன்னிலைக்கு வந்தார். நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்குச் செல்வது அக்காலத் தமிழ்த் தலைவர்கள் பலரும் நடந்த பாதையே. குடியேற்ற ஆட்சியுடன் அதன் மொழியில், அதன் சட்டத்தைக் கொண்டே வாதாடக் கூடியவர்கள் வழக்கறிஞர்களே என்று மக்கள் நம்பினர்.

1931இல் டொனமூர் அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. அது முழுச் சுயாட்சியை வழங்கவில்லை எனக் கண்டித்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தல் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934இல் நடந்த இடைத்தேர்தல்களிலேயே அவ்வெற்றிடங்கள் நிரப்பப்பட்டன. அந்த ஊர்காவற்றுறைத் தொகுதியிலிருந்தே 1936இல் துரைசுவாமி இரண்டாவது அரசாங்க சபைக்குச் சென்றார். சபை கூடியதும் அவரையே சபாநாயகராகத் தெரிவுசெய்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் சபையைப் பகிஷ்கரித்த தொகுதி, இப்போது அச்சபைக்குத் தலைவரையே கொடுத்தது.

ஆனால் அதே ஆண்டில், அதே சபையில் நிகழ்ந்த மற்றொன்றையும் வாசகர்கள் கவனித்தல் வேண்டும். டொனமூர் முறையின்படி உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒருவராகத் தமது தலைவர்களைத் தெரிந்தெடுப்பர். அத்தலைவர்களே அமைச்சர்கள். 1931இல் அமைந்த முதலாவது அமைச்சர் சபையில் மலையகத் தமிழரின் பிரதிநிதியான வழக்கறிஞர் பெரி சுந்தரமும், முஸ்லிம் தலைவரான மாக்கான் மாக்காரும் இடம்பெற்றிருந்தனர். 1936இலோ ஏழு குழுக்களிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மை பெறுமாறு பங்கீடு அமைந்தது. ஏழு அமைச்சர்களும் சிங்களவராயினர். இக்கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கம் என்ற தமிழரே என்று கூறப்படுவதும் உண்டு.

சபையின் மிக உயர்ந்த ஆசனம் தமிழருக்கு. அமைச்சர் சபையில் தமிழருக்கு ஒரு கதிரைதானும் இல்லை. இதுவே 1936இன் நிலை. அக்காலத் தமிழருக்கு இருந்த மதிப்புக்குச் சான்றாகத் துரைசுவாமியைக் காட்டுவோர் இதன் முதற்பகுதியை மட்டுமே கூறுகின்றனர். அவரை வெறும் அலங்காரப் பொம்மை என்று ஒதுக்குவோர் இரண்டாம் பகுதியை மட்டுமே கூறுகின்றனர். நாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய நாட்களில் மாணவர்களிடையேயும் இவ்விரு கட்சிகளும் இருந்தன. இரண்டும் பாதி உண்மைகளே.

சபாநாயகர் பதவியின் இயல்பை விளங்கிக்கொண்டால் முழு உண்மை தெளிவாகும். 1642 சனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்யும் நோக்குடன் முதலாம் சார்ள்ஸ் மன்னன் படையாட்களுடன் வெஸ்ற்மின்ஸ்ரரில் பொதுச்சபைக்குள் நுழைந்தான். அவர்கள் எங்கே என்று அவன் வினவியபோது, சபை பணித்தாலன்றித் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற கருத்தில் விடையிறுத்தார் அப்போதைய சபாநாயகர் வில்லியம் லெந்தோல். அவரும் ஒரு வழக்கறிஞரே. அவ்விடையில் பதவியின் மேன்மையும் உண்டு, எல்லையும் உண்டு. மன்னனுக்கும் அஞ்சாமல் சபையின் உரிமையைக் காக்கலாம்; ஆனால் சபையின் விருப்பத்துக்கு அப்பால் தனக்கென ஒரு நா இல்லை. சபாநாயகர் எவருக்கும் பேச இடமளிக்கலாம். பெரும்பான்மையின் வாக்கை மாற்ற அவரால் இயலாது.

துரைசுவாமி அவ்வாசனத்தில் பதினொரு ஆண்டுகள் இருந்தார். உலகப்போர் காரணமாகச் சபையின் ஆயுள் நீடிக்கப்பட்டபோதும் அவரே தலைமை வகித்தார். சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த சபையொன்று இத்தனை காலம் ஒரு தமிழரின் தீர்ப்புகளுக்குப் பணிந்து நடந்தமை அவரது நடுநிலைக்குக் கிடைத்த நற்சான்றாகும். அவரது காலத்திலேயே ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபையில் சமபல பிரதிநிதித்துவத்துக்காக வாதாடினார். 1944இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கக் கோரிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணை, தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு நிறைவேறியதும் அவரது காலத்திலேயே. சோல்பரி ஆணைக்குழுவின் அடிப்படையில் அமைந்த அரசியல் யாப்பை 1945 நவம்பரில் சபை 51 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தவை 3 மட்டுமே. தமிழ் உறுப்பினர் பலரும் ஆதரித்தே வாக்களித்தனர். அந்த நாளில் பொன்னம்பலம் இலண்டனில் ஆட்சியாளர்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

1947இல் அரசாங்க சபை முடிவுற்றதுடன் துரைசுவாமியின் பதவியும் முடிவுற்றது. 1966இல் மறையும்வரை அவர் வாழ்ந்த ஆண்டுகள் கவனத்துக்குரியவை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. அவ்வேளை சபாநாயகராக இருந்தவர் புத்தளத்தைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் எச். எஸ். இஸ்மாயில். ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்பது வாக்கெண்ணிக்கையை மாற்றாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துரைசுவாமிக்குப் பின் இலங்கையில் எந்தத் தமிழரும் சபாநாயகராகவில்லை. பிரதிச் சபாநாயகர் பதவிவரை சென்றவர்களுள் ஒருவர் மு. சிவசிதம்பரம், அவரும் வழக்கறிஞரே. 1968 முதல் 1970 வரை அப்பதவியில் இருந்த அவர், 1983இல் ஆறாவது திருத்தம் கோரிய சத்தியப்பிரமாணத்தை ஏற்காது, ஏனைய தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களைப் போலவே தமது பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். சபையின் ஒழுங்கைக் காத்த ஒருவருக்கு அச்சபையிலேயே இடமில்லாது போயிற்று.

இவ்வரலாறு புலம்பெயர்ந்த எமக்கு எதனைச் சொல்கிறது? பதவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுநிலை தவறாத ஒரு சபாநாயகர் சனநாயகத்துக்கு இன்றியமையாதவர். துரைசுவாமி அவ்வகையில் எமது பெருமைக்குரியவரே. ஆனால் பெரும்பான்மையின் மனப்பாங்கையே நம்பியிருக்கும் சிறுபான்மைக்கு, ஒரு மனிதரின் நேர்மை அரணாகாது. சட்டத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு வேண்டும். அதனை எளிதில் நீக்கவியலாத ஏற்பாடு வேண்டும். சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவு பாரபட்சமான சட்டங்களைத் தடுத்தது. 1972இன் புதிய யாப்பில் அது இல்லாது போயிற்று.

ஆகவே நகரசபையிலோ பாராளுமன்றத்திலோ எம்மவர் ஒருவர் தெரிவாகும்போது மாலை அணிவிப்பதுடன் எமது கடமை முடிவதில்லை. அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், எதற்கு வாக்களித்தார், அகதிச் சட்டங்கள் விவாதிக்கப்பட்ட நாளில் என்ன பேசினார் என்று கேட்பதும் எமது கடமையாகும். தமிழரல்லாத உறுப்பினரிடமும் அதையே கேட்க எமக்கு உரிமை உண்டு.

அதற்கு முதலில் வாக்குரிமை வேண்டும். யேர்மனியிலும் பிரான்சிலும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அந்நாட்டுக் குடியுரிமை தேவை. இலங்கை பொதுநலவாய நாடாகையால், பிரித்தானியாவில் தங்கும் அனுமதி பெற்ற பதினெட்டு வயதைக் கடந்த இலங்கையர், பிரித்தானியக் குடியுரிமை பெறும் முன்னரே வாக்காளராகப் பதிந்து வாக்களிக்கலாம். இதனை அறியாது ஆண்டுக்கணக்கில் பதியாதிருப்போர் எம்மிடையே உண்டு. அனுமதிக்காக இன்னும் காத்திருக்கும் எமது உறவுகளுக்கு அவ்வுரிமை இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் வாக்குள்ள நாமே. பதிவுப் படிவத்தை நிரப்பச் சில நிமிடங்களே செல்லும். அதனை இந்த வாரமே நிரப்புவோமாக.