குதிரை உடையாருக்குச் சில நல்லுரைகள்

தொம்மலூர் மணவிழாக்களுக்குச் சாரட்டும் குதிரையும் வாடகைக்கு விடுவோர் மரபை மறத்தல் ஆகாது. இவ்வூர் தன் தமிழ்க் கல்வெட்டுகளில் தேசிமாணிக்கப்பட்டணம் எனப் பெயர் பெற்றிருந்த 13ஆம் நூற்றாண்டிலேயே, கடல்வழி வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பகுதி பாண்டியநாட்டில் பராமரிப்பின்றி மடிந்ததை மார்க்கோ போலோ பதிந்திருக்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோரை வரவிடாமல் பார்த்துக்கொண்டால் விற்பனை குறையாது என்பதே அவர் கூறும் வணிகரின் கணக்கு.

அக்கணக்கு இன்றும் பொருந்தும். லாடக்காரர் வீண்செலவு, குளம்பு வெடித்து நொண்டினால் அதனை நடனம் என்றுவிடலாம். பந்தியில் மிஞ்சிய சோறே தீவனம். குதிரையால் வாந்தியெடுக்க இயலாதாகையால், உண்டது உள்ளேயே கிடந்து வருத்தும், தெருவில் அசுத்தம் நேராது.

வண்டியிழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் உழைக்கவைக்க 1965ஆம் ஆண்டு விதிகள் தடை விதிக்கின்றன. அஞ்சவேண்டா, கடிகாரம் குதிரையிடம் இல்லை. பிடிபட்டாலும், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதற்குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்.

ஒரு மசால்தோசை விலைக்குள் அடங்கும் இத்தண்டத்தைப் பல்லாண்டுகளாக உயர்த்தாத நாடாளுமன்றம் இத்தொழிலின் முதற்பங்காளி. பூச்சூட்டிய சேணத்தைப் பார்த்து, அதன் கீழுள்ள புண்ணைப் பாராமல் முன்பணம் தரும் கற்றறிந்த மணவீட்டார் இரண்டாம் பங்காளி. இக்கூட்டு வணிகத்தில் பங்கு கேளாது உழைப்பது குதிரை ஒன்றே.