ஏழு வாய்க்கு ஒரே குழாய்!

காரமடையில் என் மாமன் மகன் போட்டோ ஸ்டுடியோ வைத்து இருக்கிறார். என்னைவிட மூத்தவர். "மச்சான்" என்று கூப்பிடுவேன். முகூர்த்த நாள் வந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது.

ஒரு தை மாதம். கல்யாணம் முடிந்தது. இரவு 11 மணி. கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு இருந்தார். பாதியில் "டங்" என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்! கழற்றி மாட்டினார். வந்தது. மறுபடியும் போயிற்று. மூன்றாவது தடவை மாட்டியபோது, "இந்த டிஸ்க்கை பார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

பார்மட் என்றால் என்ன? மொத்தமாகத் துடைத்துவிடுவது!

மச்சான் எனக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளை, கல்யாணத்தை இன்னொரு வாட்டி நடத்தச் சொல்ல முடியுமா?" என்றார். குரல் நடுங்கியது.

நல்ல வேளையாக, கேமரா கார்டை அவர் இன்னும் அழிக்கவில்லை. கல்யாணம் பிழைத்தது. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கில் பழைய விசேஷங்கள் பல இருந்தன. அவற்றின் கதி?

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் ரெயிலில் ஏறினேன். காரமடையில் இறங்கினேன். கையில் ஒரு திருப்புளி. வேறு ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் என்ன?

மச்சானின் கம்ப்யூட்டர், உதிரிப் பாகங்களை வாங்கி ஒன்று சேர்த்துக் கட்டியது. அதில் குறை ஒன்றும் இல்லை. கம்பெனிப் பெட்டியைவிட மலிவு; ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். நான் அசெம்பிள் கட்சிதான்.

யு.எஸ்.பி. போர்ட் போதவில்லை என்று ஒரு வாரத்துக்கு முன்பு புதிதாக ஒரு கார்டு போட்டு இருந்தார். ஏழு போர்ட் உள்ள கார்டு. "நாலு இருப்பது இந்த விலை. ஏழு இருப்பது கொஞ்சம்தான் கூட" என்று கடையில் சொன்னார்களாம். யார்தான் ஏழை விடுவார்கள்?

பெட்டியைத் திறந்தேன். கார்டின் வால் பக்கம் மின்சார ஒயர் சொருகும் இடம் ஒன்று இருந்தது. அது காலி! ஒயரே கொடுக்கவில்லை. மதர்போர்டில் கார்டைச் சொருகி, ஒரு திருகு போட்டு, மூடிவிட்டார்கள்.

எலி பிடிபட்டது!

5 வோல்ட் எங்கே?

யு.எஸ்.பி. போர்ட் வெளியே கொடுக்கும் மின்சாரம் 5 வோல்ட். கார்டு சொருகும் குழிக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்று பெயர். அந்தக் குழியில் வருவது 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான். 5 வோல்ட் அங்கே கிடையாது. ஆகவே, கார்டு 12 வோல்ட்டை 5 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்து தனி ஒயர் வர வேண்டும். அந்த ஒயரில் 5 வோல்ட் உண்டு.

யு.எஸ்.பி. 3.0 போர்ட் ஒன்று 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும் என்பது விதி. அதாவது 4.5 வாட். ஏழு போர்ட்டுக்கு 31.5 வாட். அந்தச் சின்னக் குழியால் அவ்வளவு தாங்குமா? மவுசும் கீபோர்டும் கொஞ்சமாகக் குடிப்பவை. அவை ஓடும். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே மோட்டார் இருக்கிறது. அது சுற்றத் தொடங்கும்போது ஒரே மூச்சில் இழுக்கும். மின்சாரம் தொய்ந்தால் டிஸ்க் விழுந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. ஒல்லி ஒயரில் போர் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரியாத தோட்டக்காரர் கொங்கு நாட்டில் உண்டா?

வேகமும் அப்படித்தான். மச்சானின் கார்டுக்கு மதர்போர்டோடு இருப்பது ஒரே குழாய். அதில் ஒரு வினாடிக்கு 500 மெகா பைட் போகலாம் என்பது கணக்கு. ஏழு வாயும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஏழு போர்ட் கார்டுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சில்லு நாலு போர்ட்டுக்கானது. மீதியைக் கிளை பிரித்துத் தருகிறார்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கார்டு ரீடரும் ஓட இது தாராளம். நாலு டிஸ்க்கை ஒரே நேரத்தில் ஓட்டினால் தள்ளாடும்.

பெயர்க் குழப்பம்

யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். உள்பட 7 கம்பெனிகள் சேர்ந்து கொண்டு வந்தவை. இதில் முக்கியப் பங்கு இன்டெல் என்ஜினீயர் அஜய் பட்டுக்கு உண்டு. அவர் பரோடாவில் படித்தவர். அதற்கு முன்பு பிரிண்டருக்கு ஒரு சொருகு, மவுசுக்கு ஒரு சொருகு, கீபோர்டுக்கு ஒரு சொருகு. எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று ஆக்கியது பெரிய உபகாரம்.

ஆனால் பெயர் வைத்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்! 2000-ல் வந்த 2.0-வின் வேகம் 480 மெகா பிட். 2008-ல் வந்த 3.0-வின் வேகம் 5 கிகா பிட். இதுவரை சரி. பிறகு அதே 3.0-வுக்கு "3.1 ஜென் 1" என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் "3.2 ஜென் 1" என்றார்கள். சரக்கு ஒன்று, பெயர் மூன்று! அட்டைப் பெட்டியில் 3.2 என்று பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பவர் ஏமாறுகிறார். பெயரைப் பார்க்காதீர்கள். 5 கிகா பிட்டா, 10 கிகா பிட்டா என்று கேளுங்கள். 10 என்றால் கார்டின் கால் பெரும்பாலும் நீளமாக இருக்கும். அப்படி இருந்தால் நீளமான குழியும் வேண்டும்.

வாங்கும் முன்பு

முதல் கேள்வி: கார்டு தேவையா? பல பெட்டிகளில் மதர்போர்டிலேயே சொருகாத யு.எஸ்.பி. முள் வரிசை சும்மா கிடக்கும். 9 முள் வரிசை ஒன்றில் 2.0 போர்ட் இரண்டு எடுக்கலாம். அதற்குச் சின்னப் பட்டை ஒயர் போதும். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் மட்டும்தான் என்றால் மின்சாரம் தனியாக உள்ள ஹப் ஒன்றே போதுமானது.

கார்டுதான் வேண்டும் என்றால், காலியான குழி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு பக்கத்துக் குழியை மறைத்துவிடும். பழைய வெள்ளைக் குழி மட்டும் இருந்தால் அது பழைய பி.சி.ஐ.; 3.0 கார்டு அதில் ஏறாது. குட்டிக் கார்டு நீளக் குழியில் தாராளமாக உட்காரும். பயம் வேண்டாம்.

நாலு போர்ட், மின்சார ஒயர் சொருகும் வசதி, சில்லின் பெயர் தெரிந்த கார்டு. இதுதான் என் கட்சி. ரெனசாஸ், ஏஸ்மீடியா, வி.ஐ.ஏ. ஆகியவை தெரிந்த பெயர்கள். பழைய விண்டோஸ் 7 வைத்து இருப்பவர்கள் டிரைவரைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் 3.0-வுக்கு டிரைவர் கூடவே வருவதில்லை. விண்டோஸ் 8 முதல் உண்டு.

தகராறு செய்தால்?

எடுத்த எடுப்பில் கார்டைத் திட்டாதீர்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதிக் குற்றம் கேபிள் மேல்தான். பிறகு அதே டிஸ்க்கை, பெட்டியின் பின்னால் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் மாட்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் டிஸ்க் நல்லது, குற்றவாளி கார்டு.

அப்போது பெட்டியை அணைத்து, சுவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் திறங்கள். உள்ளே கை வைக்கும் முன்பு பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். உடம்பில் உள்ள மின்சாரம் சில்லைக் கெடுக்கும். கார்டு சாய்ந்து இருக்கிறதா, மின்சார ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.-ல் மிச்ச ஒயர் இருந்தால் நேராகச் சொருகுங்கள். ஒயரின் வாயை மாற்றிக் கொடுக்கும் மலிவு அடாப்டர் வேண்டாம். ஒரே வார்ப்பில் செய்த சில வகைகள் தீப்பிடித்து இருக்கின்றன.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் கோளாறு. கார்டே தெரியவில்லை என்றால் வேறு குழியில் மாற்றுங்கள். வயர்லெஸ் மவுஸ் மட்டும் துள்ளினால் அது பேய் இல்லை. 3.0 டிஸ்க் கிளப்பும் இரைச்சல் மவுஸ் ரேடியோ மேல் விழுகிறது. மவுசின் பொட்டை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

"பார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால் மட்டும் மாட்டேன் என்று சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள்.

மச்சான் அப்படித்தான் செய்தார். வேறு கம்ப்யூட்டரில் போட்டு, படங்களை மீட்கும் சாப்ட்வேரை ஓட்டினோம். இரவு முழுவதும் ஓடியது. கல்யாணங்கள் வந்தன. வளைகாப்புகள் வந்தன. ஒரு காதுகுத்து மட்டும் வரவில்லை. மச்சான் பழம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னார். அவர்கள் திட்டவில்லை. அந்த வீட்டுப் பாட்டி மட்டும், "போன்ல எடுத்தது ரெண்டு இருக்குதுங்க தம்பி, அதைப் பெருசு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாராம்.

என் கட்சி இதுதான்: கார்டு விற்கும் கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். எந்தக் குழியில் போட்டேன், மின்சார ஒயர் கொடுத்தேனா, எந்தப் போர்ட்டில் டிஸ்க் மாட்டலாம். மூன்றே வரி. "லாபமே கொஞ்சம், இதில் சீட்டு வேறா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். மலிவாகக் கேட்டவர்கள் நாம்தானே! ஆனாலும் மூன்று வரிக்குச் செலவு என்ன?

"கடையில் போய்ச் சண்டை போட்டீர்களா?" என்று மச்சானைக் கேட்டேன்.

"மாட்டினவன் சின்னப் பையன், மாப்பிள்ளை. ஒயர் கொடுக்கணும்னு அவனுக்கே யாரும் சொல்லலை" என்றார்.

கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், ஒயர் சொருகும் இடத்தை அந்தப் பையனுக்குக் காட்டிவிட்டு வந்தாராம்.